கடல் ஏறுது, கல் போடுறாக: ராமநாதபுரம் கரையோரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் கடல் அரிப்பு பற்றிப் பேசும் கூட்டங்களுக்கு ஏழெட்டு வருடமாகப் போய் வருகிறேன். நான் பொறியாளர் இல்லை. பாம்பன் பக்கத்தில் கடலோர வீட்டில் பிறந்தவன், கேட்பதை நோட்டில் குறித்து வைக்கும் பழக்கம் உள்ளவன், அவ்வளவுதான். எந்த ஊருக்குப் போனாலும் கூட்டத்தில் கேட்காத கேள்வியை டீக்கடையில் கேட்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் அதே கேள்விகள். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"கடல் மட்டம் ஏறுதுங்குறாக. நாங்க தினமும் கடலைத்தானே பாக்குறோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே?"

கண்ணுக்குத் தெரியாதுதான். வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை அளந்ததில் வருடத்துக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது. அதற்கு முன்னால் நூறு வருடத்துக்கும் மேலான கணக்கைப் பார்த்தால் வருடத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்தான், ஆக வேகம் கூடியிருக்கிறது. அப்படியும் பத்து வருடத்துக்கு மூன்று சென்டிமீட்டர், இரண்டு விரல் அகலம். நம் கடலில் ஒரே நாளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே அதைப் போலப் பல மடங்கு வித்தியாசம் வரும், ராமேஸ்வரத்தில் கடல் உள்வாங்கி வள்ளங்கள் தரைதட்டிக் கிடப்பதையும் பார்த்திருக்கிறோம். அதற்குள் இந்த இரண்டு விரலை யார் கவனிப்பது?

ஆனால் மணல் கரை சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்பதில்லை, தட்டையாகச் சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஒரு பங்கு ஏறினால் மணல் கரை ஐம்பதிலிருந்து நூறு பங்கு வரை பின்வாங்கலாம் என்று பொறியாளர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்துக்கும் அது அப்படியே பொருந்தாது, இருந்தாலும் மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் என்று போட்டுப் பாருங்கள். அப்புறம் புயலடிக்கும்போது அலை முன்பு தொடங்கிய இடத்தில் தொடங்காமல் ஒரு படி மேலேயிருந்து தொடங்குகிறது. நமக்கு வலிப்பது அந்த நாளில்தான்.

"அப்ப எங்க வீட்டுக்குப் பின்னாடி அரிச்சது இதனாலதானா?"

இது மட்டும் காரணம் இல்லை, பல ஊர்களில் இது முதல் காரணமும் இல்லை. கரை என்பது மணலின் வரவு செலவு. ஆறு கொண்டுவரும் மணல் வரவு, அலையும் நீரோட்டமும் இழுத்துப் போவது செலவு. வைகை ஆற்றங்கரை முகத்துவாரத்துக்கு வெள்ளமாக வந்து சேரும் நாட்களை நம் பெரியவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள், மேலே அணையும் கண்மாயும் தாண்டி மணல் எப்படி வரும்? கூடவே கரையில் மணல் அள்ளியது, மணல்மேட்டைச் சமன் செய்து கட்டடம் கட்டியது, கடலுக்குள் நீட்டிக் கட்டிய கட்டுமானம், தீவுகளைச் சுற்றியிருந்த பார் (பவளப்பாறைத் திட்டு) கரைந்தது எல்லாம் சேர்ந்துகொள்கிறது.

சென்னையில் உள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது இந்தியக் கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்பில் இருந்தது, தமிழ்நாட்டில் அது நாற்பது விழுக்காட்டுக்கு மேல். கடல் மட்டம் எல்லா இடத்திலும் ஏறும்போது ஒரு பகுதி மட்டும் அரிக்கிறது, இன்னொரு பகுதியில் மணல் சேர்கிறது என்றால் உள்ளூர்க் காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்லாவற்றையும் உலக வெப்பத்தின் தலையில் போட்டுவிட்டால் பக்கத்தில் மணல் அள்ளுகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள்.

"தூண்டில் வளைவுன்னா என்ன? கல்லுச்சுவரும் அதுவும் ஒண்ணுதானா?"

வேறு வேறு. கரையோடு சேர்த்து, வீட்டுக்கு முன்னால் நீளவாக்கில் பாறாங்கல் அடுக்குவது கல்சுவர். கரையிலிருந்து கடலுக்குள் கை நீட்டின மாதிரி போவது தூண்டில் வளைவு, நுனி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். சுவர் அலையை நேராக வாங்கிக்கொள்கிறது. தூண்டில் வளைவு கரையோரமாக நகர்ந்து போகும் மணலை மறித்துப் பிடிக்கிறது. கூட்டத்தில் "கல்லு போடுங்க" என்று பொதுவாகக் கேட்டால் எது வரும் என்பதை ஒப்பந்தப்புள்ளி முடிவு செய்துவிடும், அதனால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

"வடகடலுக்கும் தென்கடலுக்கும் ஒரே மாதிரி போட்டா என்ன?"

நம் ஊரில் வடகடலான பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சும்மா சொல்லவில்லை. வடகடல் ஆழம் குறைந்தது, இலங்கை குறுக்கே கிடப்பதால் தெற்கிலிருந்து வரும் பெரிய அலை அங்கே நுழைவதில்லை. ஆனால் வாடை (வடகிழக்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் அதே பெண் கடல்தான் கரையைக் கடிக்கும். தென்கடல் திறந்து கிடக்கிறது, கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் அலை ஓங்கும், தீவும் பாரும் உள்ள இடத்தில் அடங்கும், இல்லாத இடத்தில் நேராக வந்து மோதும்.

மணலும் அப்படித்தான், வாடையில் ஒரு பக்கம் நகர்ந்தால் கச்சானில் எதிர்ப்பக்கம் நகரும். ஒரு பருவத்தை மட்டும் அளந்துவிட்டுத் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த பருவத்தில் கணக்கு தலைகீழாகும். ஆய்வுக்கு வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதுதான்.

"பக்கத்து ஊர்ல கல்லு போட்டதுலருந்து எங்க கரை குறையுது. நெசமா, இல்ல எங்க மனசா?"

நிஜமாக இருக்க நிறைய வாய்ப்பு. மணலை ஒரு இடத்தில் பிடித்து வைத்தால் அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குக் குறையும். புதுச்சேரிதான் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். 1980களின் இறுதியில் துறைமுக அலைதடுப்புச் சுவர் வந்த பிறகு அதற்கு வடக்கே நகரக் கடற்கரையில் மணலே இல்லாமல் போனது, கல் கொட்டிக் கொட்டி முப்பது வருடம் ஓடியது, 2018இல் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் ஒரு தடுப்பை இறக்கி, மணலும் போட்ட பிறகுதான் திரும்பக் கடற்கரை என்று ஒன்று அங்கே தெரிந்தது.

சரி, நம் ஊரில் எப்படி நிரூபிப்பது? பெரிய கருவி வேண்டாம். கோவில் மதில், பள்ளிவாசல் கிணறு, தேவாலயக் கொடிமரம், ஏதோ ஒரு அசையாத பொருளிலிருந்து ஏற்ற நீர் தொட்ட கோடு வரை மாதம் இரண்டு முறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், கயிறு பிடித்து அளந்து நோட்டில் எழுதுங்கள், அன்று என்ன காற்று என்றும் எழுதுங்கள். அதே இடத்தில் நின்று போனில் ஒரு படம். இரண்டு வருடக் குறிப்பு இருந்தால் "எங்க மனசா?" என்ற கேள்வி வராது. அளக்காமல் போய்ப் பேசினால் இரண்டு ஊர் இளைஞர்களும் அடித்துக்கொள்வதில்தான் முடியும், அதையும் பார்த்துவிட்டேன்.

"கல்லு போட்டா மணல் போயிரும்னு பயமுறுத்துறீக. வீடு முக்கியமா மணல் முக்கியமாண்ணே?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அக்காவின் அடுப்படியிலிருந்து பார்த்தால் அலை தெரியும். வாடை மாதங்களில் இரவில் தூங்குவதில்லை என்றார். அவருக்கு நான் மணலைப் பற்றிப் பாடம் எடுக்க முடியாது. வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாலு பாகம் (ஒரு பாகம் என்பது இரண்டு கையை விரித்த நீளம்) இடம்கூட இல்லாத நிலையில் கல்சுவர் போடுவது சரிதான், போட வேண்டும், நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் சுவர் நிறுத்துவது நிலத்தை மட்டும். சுவருக்கு முன்னால் இருக்கும் மணல் குறைந்துகொண்டே வந்தால் அது தொடர்ந்து குறையும், பின்வாங்க இடம் இல்லாததால் ஒரு நாள் தண்ணீர் சுவரின் காலிலேயே வந்து நிற்கும், மோதித் திரும்பும் அலை அடியில் பறிக்கவும் செய்யும். அந்த மணல் வெறும் இடம் இல்லை. வள்ளம் ஏற்றுவது அங்கே, கரைவலை இழுப்பது அங்கே, வலை காயப்போட்டுப் பழுது பார்ப்பது அங்கே, கருவாடு உலர்த்துவது அங்கே. என் அம்மா காரப்பொடி மீனும் சூடை மீனும் உலர்த்திய மணல் இன்று தண்ணீருக்குள் இருக்கிறது. வீடு நிற்கிறது. சிறுவயதில் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே மூன்று வரிசைப் பனை இருந்தது, இப்போது கடைசி வரிசையின் வேர் வெளியே தொங்குகிறது.

அதனால் என் பதில்: விளிம்பில் இருக்கும் வீடுகளுக்கு முன்னால் சுவர், அந்த நீளத்துக்கு மட்டும். நூறு மீட்டருக்குச் சுவர் தேவை என்றால் ஆயிரம் மீட்டர் கேட்காதீர்கள். மிச்சக் கரைக்கு மணலைக் காக்கிற வேறு வழிகளைக் கேளுங்கள்.

"சுவர் கட்டிட்டாக, வள்ளம் ஏத்த வழியில்ல. இப்ப என்ன செய்ய?"

நான் போன ஒரு ஊரில் நீளமான சுவருக்கு ஒரே ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள், அதுவும் ஊரின் ஒரு கோடியில். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் கல்மேல் ஏறி இறங்கிப் போகிறார்கள், பாசி படிந்த கல் வழுக்கி ஒருவருக்குக் கணுக்கால் பிசகி இரண்டு மாதம் வேலை போனது. வரைபடத்தில் பாசி எடுக்கிறவர்கள் யாருமே இல்லை, ஏனென்றால் கேட்கப் போனவர்கள் படகுச் சங்கத்தை மட்டும் கேட்டார்கள்.

கட்டிய பிறகும் படிக்கட்டும் சாய்தளமும் சேர்க்கலாம், சுவர் முழுவதையும் கட்டுவதை விட இது சிறிய வேலை. எத்தனை வள்ளம், எந்த இடத்தில் ஏற்றுவது வழக்கம், எந்த வழியாகப் பெண்கள் இறங்குகிறார்கள் என்று ஒரு தாளில் கையால் வரைந்து மனுவோடு வையுங்கள். இனிமேல் கட்டப்போகும் ஊர்கள் இதை முன்னாலேயே செய்யலாம்.

"போட்ட கல்லு மூணு வருசத்துல மண்ணுக்குள்ள போயிருது. காசடிக்கிறாகளா?"

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முன்பு சொன்ன அடிப்பறிப்பு நல்ல வேலையிலும் நடக்கும். கல்லுக்கு அடியில் மணல் நழுவாமல் பிடிக்க ஒரு வடிகட்டித் துணியும் சிறு கல் அடுக்கும் போட வேண்டும், கடலைப் பார்த்த அடிப்பக்கத்தில் பெரிய கல் ஆழமாக உட்கார வேண்டும். அது இல்லாமல் நேராக மணல்மேல் கொட்டினால் கல் தாழத்தான் செய்யும்.

சந்தேகம் இருந்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மதிப்பீட்டு அறிக்கை, கல்லின் எடை, அளவுப் புத்தகம், பராமரிப்புப் பொறுப்பு எத்தனை வருடம், இந்த நாலையும் கேளுங்கள். கட்டும்போது ஊர் இளைஞர்கள் இரண்டு பேர் தினமும் நின்று படம் எடுத்தால் அது எல்லா மனுவையும் விட நல்லது.

"நாங்களே மணல் மூட்டையும் பனந்துண்டும் போட்டோம். தப்பா?"

தப்பே இல்லை, ஒரு வாடையைத் தாண்ட அது உதவும். இரண்டு விஷயம் மட்டும். மூட்டைக்கு மணலை அதே கரையில், வீட்டுக்கு முன்னாலேயே தோண்டி எடுக்காதீர்கள், அலைக்கு நாமே குழி வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். உரச்சாக்கு வெயிலில் சில மாதத்தில் நைந்து நூல் நூலாகக் கடலுக்குப் போகும், வலையில் அதுதான் வரும். சணல் சாக்கு கிடைத்தால் நல்லது.

"அலையாத்தி வச்சா போதும், சுவர் வேண்டாங்குறாக. நம்பலாமா?"

இடத்தைப் பொறுத்தது. தொண்டிப் பக்கம் காரங்காட்டில் போய்ப் பாருங்கள், சேறும் உப்பங்கழியும் அமைதியான தண்ணீரும் உள்ள இடத்தில் அலையாத்திக் காடு எப்படிக் கரையைப் பிடித்து வைக்கிறது என்று புரியும். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து படகில் காட்டுகிறார்கள். வடகடலில் கழிமுகம் உள்ள ஊர்களுக்கு இது நிஜமான தடுப்பு, நண்டும் இறாலும் கூடவே வரும். அதையே ஏர்வாடிக்கு மேற்கே அலையடிக்கும் மணல் கரையில் நட்டால் முதல் கச்சானில் போய்விடும். நட்ட எண்ணிக்கையைச் சொல்லிப் படம் எடுத்துப் போனவர்கள் திரும்பி வந்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணிய ஊர் எனக்குத் தெரிந்து குறைவு.

மணல் கரைக்கு உரிய செடி வேறு. இராவணன் மீசை, அடம்புக்கொடி, தாழை. இராவணன் மீசை காலில் குத்துகிறது என்று பிடுங்கிப் போடுகிறோம், உண்மையில் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குவது அதுதான், அடம்பு அந்த மேட்டின்மேல் வலை விரித்த மாதிரிப் படர்ந்து நிறுத்துகிறது. சவுக்கை நிறைய இடத்தில் நட்டிருக்கிறார்கள், காற்றைத் தடுக்கும், ஆனால் தண்ணீருக்கு மிக அருகில் அடர்த்தியாக நட்டால் கீழே இந்தக் கொடிகள் வளராது. மணல்மேட்டை வெட்டிக் கார் நிறுத்துமிடம் ஆக்குவதை மட்டும் ஊர் கூடித் தடுத்தால், நான் பார்த்தவரை, பாதித் தொல்லை குறையும்.

"பவளப்பாறைக்கும் எங்க வீட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

மன்னார் வளைகுடாவில் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது 21 தீவு. அதில் கீழக்கரைக்கு எதிரே இருந்த பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் இருந்த விலாங்குசல்லியும் இன்று தண்ணீருக்குள். ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்காகப் பாரை வெட்டி வெட்டி ஏற்றினார்கள், 2001இல் சட்டப் பாதுகாப்பு வந்து, 2004 சுனாமிக்குப் பிறகுதான் அது அநேகமாக நின்றது. பார் என்பது கடலுக்கு நடுவே அலையை உடைக்கும் இயற்கைச் சுவர். அது தாழ்ந்தால் உடையாத அலை தீவுக்கு வரும், தீவு போனால் கரைக்கு வரும். இப்போது கடல் சூடேறி 2010, 2016, 2024 என்று பவளம் வெளுத்துப் போவதும் அடிக்கடி நடக்கிறது.

வயதானவர்கள் சிலர் "நாங்கதான் வெட்டினோம்" என்று என்னிடம் நேராகவே சொல்லியிருக்கிறார்கள். கூலிக்குப் போனவர்கள் அவர்கள். இன்று அவர்கள் வீட்டுப் பக்கமே அரிக்கிறது.

"கள்ளக்கடல்னு எச்சரிக்கை வருதே, அதும் கடல் மட்டம் ஏறுறதும் ஒண்ணா?"

இல்லை. எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை பல நாள் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத நாளில் திடீரென்று ஏறுவது கள்ளக்கடல். திருடன் மாதிரிச் சத்தமில்லாமல் வருவதால் கேரளக் கரையில் வைத்த பெயர், இன்று நம் பக்கமும் அதே பெயரில் எச்சரிக்கை வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம்தான் இதைச் சொல்கிறது. தென்கடல் ஊர்கள் அந்த அறிவிப்பு வந்தால் வள்ளத்தை மேலே இழுத்துவிடுங்கள், வெயில் காய்கிறதே என்று பார்க்காதீர்கள்.

"தனுஷ்கோடி மாதிரி எங்க ஊரும் போயிருமா?"

தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குப் பிறகு ஒரே புயலில், புயல் தள்ளிவந்த தண்ணீரில் போனது. பாம்பனிலிருந்து போன ரயிலும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களும் போனார்கள். அது மெதுவாக ஏறும் கடலின் வேலை இல்லை, அதனால் அதே மாதிரி என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் முதல் பதிலில் சொன்ன மேல்படி ஞாபகம் இருக்கட்டும், அதே புயல் இன்று வந்தால் கொஞ்சம் உயரத்திலிருந்து தொடங்கும்.

2017இல் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டருக்குச் சாலை திறந்தார்கள், இரண்டு பக்கமும் கல் அடுக்கி. காற்று மாறும்போதெல்லாம் அந்தக் கல்லைத் தாண்டி மணலும் தண்ணீரும் சாலைக்கு வருவதை அங்கே போகிற எல்லோரும் பார்க்கலாம். இரண்டு கடலுக்கு நடுவே கல் எவ்வளவு தாங்கும், எவ்வளவு பராமரிப்பு கேட்கும் என்று தெரிய வேண்டுமானால் கூட்டத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் ஒரு நாள் அங்கே போய் நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

"சுவர் கட்டினா கிணத்துத் தண்ணி உப்பாகுறதும் நிக்குமா காக்கா?"

நிற்காது. கீழக்கரையில் ஒரு தம்பி கேட்டது இது (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்), ரொம்ப முக்கியமான கேள்வி. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் மணலுக்குள் உப்பின்மேல் மிதக்கிறது. தனுஷ்கோடி மணலில் சில அடி தோண்டி ஊற்று எடுத்துக் குடிக்க முடிவது அதனால்தான். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதே கணக்கைத் திருப்பினால், மோட்டார் போட்டு மேலே ஒரு அடி குறைத்தால் அடியிலிருந்து நாற்பது அடி உப்பு ஏறி வரும். கல்சுவருக்கு அடியில் மண் வழியாகப் போய் வருவதைக் கல் தடுக்காது. மழைநீரை மணலுக்குள் இறக்குவதும், ஊருணியைத் தூர்வாருவதும், ஆழ்துளைக் கிணற்றைக் கட்டுப்படுத்துவதும்தான் வழி. மணல்மேட்டை அழித்தால் அந்த நல்ல தண்ணீரின் தொட்டியையும் சேர்த்து அழிக்கிறோம்.

"சுவர் வந்தாச்சு. இனிமே கடல் பாத்து மாடி வீடு கட்டலாமுல்ல?"

வேண்டாம். சுவர் வந்த ஊர்களில் நான் அதிகம் கவலைப்படுவது இதற்குத்தான். பயம் போனதும் முன்னால் நகர்கிறோம், பத்து வீடு இருந்த விளிம்பில் நாற்பது வீடு வருகிறது, சுவர் தாண்டும் ஒரு புயல் வந்தால் சேதம் முன்பைவிட அதிகம்.

சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி ஊரகப் பகுதிகளில், 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருந்த இடத்தில் ஏற்றக் கோட்டிலிருந்து 50 மீட்டரும், அதற்குக் குறைவான இடத்தில் 200 மீட்டரும் புதுக் கட்டுமானம் கூடாத பகுதி. ஏற்கெனவே அனுமதியோடு இருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க, அதே அளவில் திருப்பிக் கட்ட இடம் உண்டு.

"பட்டா இல்ல. தடுப்பு கேக்கப் போனா காலி பண்ணச் சொல்லிருவாகளோ?"

எத்தனையோ ஊர் மனு கொடுக்காமல் இருப்பதற்கு இந்தப் பயம்தான் காரணம், வெளியே யாரும் சொல்வதில்லை. மூன்று தலைமுறையாகப் புறம்போக்கில் இருக்கும் குடும்பம் அதிகாரியின் கண்ணில் படவே அஞ்சுகிறது. நான் சொல்வது, தனியாகப் போகாதீர்கள். ஊர்க்கூட்டம், ஜமாத், பங்குப் பேரவை எதுவாக இருந்தாலும் அதன் பெயரில் மனு போகட்டும், மின்கட்டண அட்டை, குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது, பழைய புகைப்படம் என்று எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்பதற்கான காகிதங்களை அலை தொடாத இடத்தில் நகலெடுத்து வையுங்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழு இருக்கிறது, மீனவர்களின் குடியிருப்பைக் கடலோர வரைபடத்தில் குறிக்கச் சொல்லி அங்கே கேட்கலாம். வரைபடத்தில் இல்லாத ஊருக்குத் தடுப்பும் வராது, இழப்பீடும் வராது.

"கருத்துக்கேட்புக் கூட்டம்னு கூப்புடுறாக. நாங்க சொன்னா நடக்கவா போகுது?"

ஒரு முறை எங்கள் பக்கம் ஒரு அலுவலகம் கூட்டத்தை நாட்டுப்படகு கடலுக்குப் போகும் நாளில், காலை பதினொரு மணிக்கு வைத்தது. வந்தவர்கள் ஆறு பேர், அதில் மூன்று பேர் கடலுக்கே போகாதவர்கள். அறிக்கையில் "பொதுமக்கள் ஆதரவு தெரிவித்தனர்" என்று எழுதினார்கள். அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் செய்தது, தேதி வந்தவுடனேயே மாற்றச் சொல்லி எழுத்தில் கொடுப்பது, விசைப்படகுக்குத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14க்குள், நாட்டுப்படகும் போகாத நாளாகப் பார்த்து வைத்தால் ஆள் வரும் என்று யோசனையும் சேர்த்துச் சொல்வது. இரண்டாவது முறை மாற்றினார்கள்.

கூட்டத்தில் பேசும்போது "எங்களைக் காப்பாத்துங்க" என்று தொடங்கினால் ஆறுதல் சொல்லி அனுப்புவார்கள். முன்னால் சொன்ன அளவு நோட்டையும், கையால் வரைந்த தாளையும் மேசைமேல் வைத்துவிட்டு, எந்தப் பருவத்தில் அளந்தீர்கள், மணல் எங்கே போய்ச் சேரும், அடுத்த ஊரைக் கேட்டீர்களா, பராமரிப்பு யார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சின் தொனியே மாறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

"ஊருக்குள்ளயே ரெண்டு கட்சியாயிட்டோம். விசைப்படகுக்காரவுக நீளமா கேக்குறாக, கரைவலைக்காரவுக வேண்டாங்குறாக. யாரு சரி?"

இரண்டு பேரும் அவரவர் பிழைப்புக்குச் சரியாகத்தான் கேட்கிறார்கள். தூண்டில் வளைவின் மறைவில் படகு நிறுத்தலாம், அது உண்மையான உதவி. கரைவலைக்குக் கல் இல்லாத நீளமான திறந்த கரை வேண்டும், வலை கல்லில் மாட்டினால் அன்றைய கூலி போனது. விளிம்பில் இருக்கிற வீட்டுக்காரருக்குச் சுவர், உள்ளே இருக்கிறவருக்கு அது அவசரமில்லை. இதில் பொதுவான பதில் ஒன்றைச் சொல்லிப் பஞ்சாயத்து பண்ண எனக்குத் தகுதியில்லை.

ஒரே ஒரு அனுபவம் சொல்கிறேன். ஒரு ஊரில் பெரியவர்கள் கரையில் கோலை நட்டு, இது படகுக்கு, இது வலைக்கு, இது வீட்டுக்கு என்று மணலிலேயே பிரித்துக் காட்டிப் பேசினார்கள். மேடையில் மூன்று மாதம் இழுத்தது அன்று சாயங்காலத்துக்குள் பாதி தீர்ந்தது. சத்தம் குறைவாக இருக்கிற கட்சியையும் விட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது பாசி எடுக்கும் பெண்களாகத்தான் இருக்கும்.

"எப்படியும் ஒரு நாள் உள்ள போகத்தானே வேணும்? அப்புறம் எதுக்கு இந்தத் தடுப்பெல்லாம்?"

இதுதான் எனக்குக் கஷ்டமான கேள்வி. சில இடங்களில் போகத்தான் வேண்டியிருக்கும், அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் போவது இன்றைக்கா இருபது வருடம் கழித்தா என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரிய வித்தியாசம். தடுப்பு வாங்கித் தருவது அந்த அவகாசத்தை. அந்த அவகாசத்தில் பிள்ளை படித்து முடிக்கலாம், கடன் அடையலாம், இடம் பார்க்கலாம். சுவர் கட்டியதும் பேச்சை நிறுத்திவிட்டு அவகாசத்தை வீணாக்குவதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

மாற்று இடம் தருகிறோம் என்று வந்தால் இவற்றைக் கேளுங்கள். கரையிலிருந்து எவ்வளவு தூரம், விடிய மூன்று மணிக்கு அங்கிருந்து எப்படி வருவது. இஞ்சினும் வலையும் கரையில் வைக்கப் பூட்டிய கொட்டகை உண்டா. பட்டா யார் பெயரில், மனைவி பெயரும் சேருமா. நம் பழைய கரையில் வள்ளம் நிறுத்தும் உரிமை தொடருமா, இல்லை நாம் காலி செய்த இடத்துக்கு நாளைக்கு விடுதி வருமா. கடைசிக் கேள்விக்குப் பதில் எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் வந்தாலும் அன்றைக்கே போட வேண்டாம், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெண்களிடம் படித்துக் காட்டுங்கள், புது இடத்தில் தண்ணீர் எங்கே பிடிப்பது, மீன் எங்கே காயப்போடுவது என்று ஆம்பளைகள் கேட்க மறந்ததை அவர்கள் கேட்பார்கள்.